தொடக்கத்துக்குச் சொந்தம் கொண்டாடியவர்கள்

1951 நவம்பர் 22 அன்று வத்திக்கானில் திருத்தந்தையின் அறிவியல் கழகம் கூடியிருந்தது. உரையாற்றியவர் போப் பன்னிரண்டாம் பயஸ். கடவுள் இருக்கிறார் என்பதற்கு நவீன இயற்பியல் தரும் சான்றுகள்தான் பேச்சின் பொருள். விண்மீன் மண்டலங்கள் ஒன்றையொன்று விட்டு விலகிக்கொண்டே போகின்றன. காலத்தைப் பின்னோக்கி நடத்தினால் அவை எல்லாம் நெருங்கி ஒடுங்கிவிடுகின்றன. ஆகவே உலகத்துக்குத் தொடக்கம் உண்டு. தொடக்கம் உண்டென்றால் தொடங்கிவைத்தவரும் உண்டு. விவிலியத்தின் முதல் பக்கம் பேசும் அந்த முதல் ஒளிக்கு இன்றைய அறிவியலே சாட்சி சொல்கிறது என்கிற அளவுக்கு உரை போனது.

இதனால் சங்கடப்பட்டவர்களில் முக்கியமானவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், அதே கழகத்தின் உறுப்பினர். பெயர் ஜார்ஜ் லெமைத்ரே. பிரபஞ்சத்தைப் பின்னோக்கி நடத்தி ஒரு தொடக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும் சிந்தனையை இயற்பியலுக்குக் கொடுத்ததே அவர்தான்.

கடவுள் உண்டா இல்லையா என்று எங்கே பேச்சு எழுந்தாலும் சற்று நேரத்தில் பெருவெடிப்பு உள்ளே வந்துவிடுகிறது. வெடித்தது என்றால் வெடிக்கவைத்தது யார் என்று ஒருவர் கேட்பார். எல்லாம் தானாகவே வெடித்து வந்தது, கடவுளுக்கு அங்கே வேலை இல்லை என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு தரப்பும் ஒரே சாட்சியைத்தான் கூண்டில் ஏற்றுகின்றன. அந்தச் சாட்சியை முதலில் கண்டெடுத்தவர் அதைப் பற்றி என்ன நினைத்தார் என்று இரண்டு தரப்பும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் இந்த விவாதம் வேறு தளத்துக்குப் போயிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

லெமைத்ரே 1894இல் பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா நகரில் பிறந்தவர். பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது முதல் உலகப் போர் வந்தது. பீரங்கிப் படையில் சேர்ந்து போரிட்டார். போர் முடிந்ததும் கணிதமும் இறையியலும் படித்து 1923இல் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டு கேம்பிரிட்ஜுக்குப் போய் வானியலாளர் ஆர்தர் எடிங்டனிடம் பொதுச் சார்பியல் கற்றார். பிறகு அமெரிக்காவில் சில காலம். அங்கே தொலைதூர விண்மீன் மண்டலங்களின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதைப் பற்றிய அளவீடுகளை அருகிலிருந்து அறிந்துகொண்டார்.

1927இல் பிரஸ்ஸல்ஸ் அறிவியல் சங்கத்தின் இதழில் பிரெஞ்சு மொழியில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைத் தீர்த்தால் வெளி விரிந்துகொண்டே போகும் ஒரு பிரபஞ்சம் கிடைக்கிறது. விண்மீன் மண்டலங்களின் ஒளிப் பெயர்ச்சி அந்த விரிவின் அடையாளம் என்றார். விரிவின் வேகத்தையும் கணக்கிட்டார்: ஒரு மெகாபார்செக் தொலைவுக்கு விநாடிக்கு 625 கிலோமீட்டர். இரண்டு ஆண்டு கழித்து வானியலாளர் எட்வின் ஹபிள் 500 என்ற அளவில் மதிப்பிட்டார், புகழ் அவருக்குப் போனது. 2018இல்தான் சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுத்து, தொலைவையும் வேகத்தையும் இணைக்கும் அந்த விதியை ஹபிள்–லெமைத்ரே விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது.

அதே 1927இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே மாநாட்டுக்கு வந்த ஐன்ஸ்டைனை லெமைத்ரே சந்தித்தார். கணக்கு சரி, ஆனால் அதன் இயற்பியலைச் சகிக்க முடியவில்லை என்பது ஐன்ஸ்டைனின் பதில். பத்தாண்டுக்கு முன்புதான் பிரபஞ்சம் அசையாமல் நிற்கவேண்டும் என்பதற்காகத் தன் சமன்பாட்டில் அவர் ஒரு மாறிலியைச் சேர்த்திருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லெமைத்ரேயின் 1927ஆம் ஆண்டுப் பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே கிடையாது. எல்லையற்ற கடந்த காலத்தில் ஏறக்குறைய அசையாமல் கிடந்து, மெல்ல மெல்ல விரியத் தொடங்கியதாகத்தான் அவர் எழுதினார். குருப்பட்டம் பெற்று நான்கு ஆண்டு ஆன ஒருவர் விவிலியத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு சமன்பாடு போட்டிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

தொடக்கம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது 1931இல், அதுவும் தன் ஆசிரியருக்குப் பதில் சொல்லும்போது. எடிங்டன் அந்த ஆண்டு ஆற்றிய ஓர் உரை நேச்சர் இதழில் வந்திருந்தது. இன்றைய இயற்கை ஒழுங்குக்குத் திடீரென ஒரு தொடக்கம் இருந்தது என்ற எண்ணமே தனக்கு ஒவ்வவில்லை என்று அதில் சொல்லியிருந்தார். எடிங்டன் நாத்திகர் அல்லர். குவேக்கர் மரபில் வந்த ஆழ்ந்த பக்தர். தொடக்கத்தை வெறுத்த முதல் பெரிய குரல் ஒரு பக்தருடையது.

லெமைத்ரேயின் பதில் 1931 மே 9ஆம் தேதி இதழில் வந்தது. ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாத கடிதம். காலத்தில் பின்னோக்கிப் போகப் போக, பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலும் குறைந்த எண்ணிக்கையிலான குவாண்டங்களுக்குள் அடங்கியிருக்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு குவாண்டம் மிஞ்சும் என்பது வாதம். ஒரே ஒரு பொருள் மட்டும் இருக்கும் இடத்தில் தூரம் என்பதற்கோ நேரம் என்பதற்கோ என்ன பொருள்? ஒன்றும் இல்லை. அது பிளந்து பலவாகிப் பெருகிய பிறகுதான் இடமும் காலமும் பொருள் பெறத் தொடங்குகின்றன. ஆகவே உலகின் தொடக்கம், இடமும் காலமும் தொடங்குவதற்குச் சற்றே முந்தியது என்று எழுதினார். 1931இல், குவாண்டம் இயற்பியல் முழு வடிவம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது, இதை ஒருவர் எண்ணிப் பார்த்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அந்தக் கடிதத்தின் தட்டச்சுப் பிரதி பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அச்சில் வராத ஒரு பத்தி அதன் கடைசியில் இருக்கிறது. இருக்கும் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் ஒரு பரம்பொருளை நம்புகிறவர், அந்தக் கடவுள் மறைந்திருப்பவர் என்பதையும் நம்புவார். படைப்பின் மேல் இன்றைய இயற்பியல் ஒரு திரையைப் போட்டு மூடுவதைக் கண்டு அவர் மகிழ்ச்சியும் அடையலாம் என்று அதில் எழுதியிருந்தார். பிறகு அந்தப் பத்தியின் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டார். திரை மூடுகிறது என்றுதான் அவர் முதலில் எழுதினார் என்பதையும் பார்க்க வேண்டும். இயற்பியல் கடவுளைக் காட்டிக்கொடுக்கிறது என்ற எண்ணம் அவருக்கு அடித்த வரியில்கூட இல்லை. அடித்தது ஏன் என்றால், ஓர் இயற்பியல் இதழில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை என்று அவர் கருதியிருக்க வேண்டும். நம்பிக்கை குறைந்ததால் அல்ல. கடைசி நாள்வரை அவர் பாதிரியாராகவே வாழ்ந்தார்.

ஆனால் அவர் அணிந்திருந்த வெள்ளைக் கழுத்துப்பட்டையைப் பார்த்தே பலர் அந்தக் கருத்தைச் சந்தேகித்தார்கள். அவர்களில் உரத்த குரல் கேம்பிரிட்ஜின் ஃபிரெட் ஹாயிலுடையது. 1948இல் அவரும், ஹெர்மன் போண்டி, தாமஸ் கோல்ட் இருவரும் மாறாநிலைக் கொள்கையை முன்வைத்தார்கள். பிரபஞ்சம் விரிகிறது, ஆனால் நீர்த்துப் போவதில்லை. விரியும் வெளியில் புதிய பொருள் தோன்றிக்கொண்டே இருப்பதால் அது என்றும் ஒரே தோற்றத்தில் இருக்கிறது, தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை. புதிதாகத் தோன்றவேண்டிய பொருள் அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. இன்றைய எண்களைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு கன மீட்டர் வெளியில் நூறு கோடி ஆண்டுக்கு ஓர் அணு என்ற அளவில் போதும். எந்தக் கருவியாலும் அதைப் பிடிக்க முடியாது. 1949 மார்ச்சில் பிபிசி வானொலியில் பேசும்போதுதான் எதிர்த்தரப்புக் கொள்கையை ஹாயில் பெருவெடிப்பு என்று குறிப்பிட்டார்; பெயர் ஒட்டிக்கொண்டது. தொடக்கம் என்றாலே மதம் பின்வாசல் வழியாக நுழைகிறது என்ற எரிச்சல் அவருக்கு இருந்தது. அவர் மாணவர்தான் நம் நாட்டின் ஜயந்த் நார்லிகர். ஆசிரியரோடு சேர்ந்து அந்தக் கொள்கையைத் திருத்தித் திருத்திப் பல பத்தாண்டுகள் காத்து நின்றவர், 2025இல் மறைந்தார். பெரும்பான்மையின் எதிர்த்திசையில் நின்றுகொண்டே புணேயில் ஒரு முதல்தரமான வானியல் மையத்தைக் கட்டி எழுப்பியவர் அவர்.

அன்று தொடக்கத்தை மறுப்பது பிடிவாதம் மட்டும் அல்ல. ஹபிளின் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டு என்று வந்தது. பூமியில் கிடைத்த பாறைகளோ கதிரியக்க அளவீட்டில் அதைவிட மூத்தவை. வீட்டை விட வாசற்படிக்கு வயது அதிகம் என்றால் கணக்கில் எங்கோ கோளாறு என்றுதானே பொருள்? தூரத்தை அளக்கும் முறையில்தான் கோளாறு இருந்தது. 1952 செப்டம்பரில் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் மாநாடு ரோமில் நடந்தபோது வால்டர் பாடே அதை வெளியிட்டார். ஒருவகைத் துடிக்கும் விண்மீன்களின் பிரகாசத்தைத் தவறாக மதிப்பிட்டிருந்தோம். தொலைவுகள் எல்லாம் இரண்டு மடங்கு, ஆகவே வயதும் இரண்டு மடங்கு. பிறகும் திருத்தங்கள் தொடர்ந்தன; இன்று நாம் சொல்லும் வயது 1380 கோடி ஆண்டு.

அந்த மாநாட்டுக்கு வந்த வானியலாளர்களிடம் போப் பயஸும் பேசினார். பத்து மாதத்துக்கு முன் சொன்ன சான்றை இம்முறை அவர் மீண்டும் சொல்லவில்லை. லெமைத்ரேயின் கவலை அவர் காதுக்கு எட்டியிருந்தது என்று லெமைத்ரேயோடு பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கவலைக்குக் காரணம் வெளிப்படை. விசுவாசத்தை ஓர் அளவீட்டின் மேல் கட்டினால், அடுத்த அளவீடு வரும்போது அதுவும் சேர்ந்து ஆடும். இன்னொரு கேடும் உண்டு. இன்னும் சோதிக்கப்படாத ஓர் இயற்பியல் ஊகம் சபையின் சொத்தாகிவிட்டால், பிறகு அதைச் சோதிக்க எவர் நேர்மையாக முன்வருவார்?

சோதனை வந்தது, யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து. 1964இல் நியூஜெர்சியின் ஹோம்டெல் என்ற இடத்தில், பெல் ஆய்வகத்தின் பெரிய கொம்பு வடிவ ஆண்டெனாவை வைத்துக்கொண்டு ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் வானொலி அலைகளை அளந்துகொண்டிருந்தார்கள். 7.35 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ஓர் இரைச்சல் வந்தது. ஆண்டெனாவை எந்தத் திசையில் திருப்பினாலும் அதே அளவு. பகலிலும் இரவிலும், கோடையிலும் குளிரிலும் அதே அளவு. கொம்புக்குள் புறாக்கள் கூடு கட்டி எச்சமிட்டிருந்தன. புறாக்களை விரட்டி, எச்சத்தைச் சுரண்டி, உலோக இணைப்புகளை எல்லாம் பட்டை வைத்து ஒட்டிப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. வெப்பநிலையாகச் சொன்னால் தனிச்சுழிக்கு மேல் ஏறத்தாழ 3.5 டிகிரி. பக்கத்தில் பிரின்ஸ்டனில் ராபர்ட் டிக்கியின் குழு இதைத்தான் தேடுவதற்குக் கருவி செய்துகொண்டிருந்தது. பிரபஞ்சம் இளமையில் வெந்து கொதித்திருந்தால் அந்த வெப்பத்தின் மிச்சம் இன்றும் வானெங்கும் நிறைந்திருக்க வேண்டும். டிக்கிக்கு இந்த எண்ணம் வந்தது ஒரு தொடக்கத்தை நிறுவுவதற்காக அல்ல. பிரபஞ்சம் விரிந்து, ஒடுங்கி, மீண்டும் விரிந்து முடிவில்லாமல் சுழல்கிறது என்று நினைத்தவர் அவர். முன்சுற்றின் பொருள்களை உருக்கி அழிக்க ஒரு கொதிநிலை அவருக்குத் தேவைப்பட்டது. தொடக்கம் வேண்டாம் என்ற எண்ணத்திலிருந்து பிறந்த தேடல்தான், கொதித்த இளமைக்கான வலுவான சான்றை அடையாளம் காட்டியது. ஆய்வாளரின் விருப்பம் எதுவாக இருந்தாலும் அளவீடு தன் வழியில் போகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

முடிவு 1965இல் அச்சானது. மறுஆண்டு ஜூனில் லூவேன் மருத்துவமனையில் படுத்திருந்த லெமைத்ரேவுக்கு, அவருடைய உதவியாளர் ஓடோன் கொடார் இந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னார். முதல் நாள்களின் மிச்சமாக ஒரு கதிர்வீச்சு எஞ்சியிருக்கும் என்று அவர் முப்பதுகளிலேயே எழுதியிருந்தார். காஸ்மிக் கதிர்களே அது என்று நினைத்தது மட்டும் தவறு. ஜூன் 20ஆம் தேதி அவர் காலமானார்.

சரி, இத்தனைக்கும் பிறகு தொடக்கத்தைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன? முதல் விநாடிக்குப் பிந்திய கதை நன்றாகவே தெரியும். முதல் சில நிமிடங்களில் அணுக்கருக்கள் இணைந்து, பொருளின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு ஹீலியமாக மாறியிருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. பழமையான வாயு மேகங்களை அளந்தால் அப்படியே இருக்கிறது. 3,80,000 ஆண்டு கழிந்தபோது ஒளி தடையின்றிப் பரவத் தொடங்கியது. ஹோம்டெல்லில் கேட்ட இரைச்சல் அந்த ஒளிதான். ஆனால் முதல் விநாடிக்குள் நுழைந்து பின்னே போகப் போகக் கையில் இருக்கும் சான்று மெலிகிறது. 10⁻⁴³ விநாடிக்கு அருகில் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளே செல்லாமல் போகின்றன. காலம் பூஜ்யம் என்று நாம் எழுதுவது ஒரு நிகழ்ச்சியின் தேதி அல்ல. தெரிந்த இயற்பியல் அங்கே நின்றுவிடுகிறது என்பதன் அடையாளம். பெருவெடிப்பு என்ற கொள்கை, சூடாகவும் நெருக்கமாகவும் இருந்த ஒரு நிலையிலிருந்து பிரபஞ்சம் எப்படி வளர்ந்தது என்பதை விளக்குகிறது. அந்த நிலை எங்கிருந்து வந்தது என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முயலவில்லை.

போப் பயஸ் செய்த பிழையை எதிர்த்திசையில் செய்தவர் ஸ்டீபன் ஹாக்கிங் என்பது என் கருத்து. அவரும் ஜேம்ஸ் ஹார்ட்டிலும் 1983இல் வெளியிட்ட மாதிரியில் காலத்துக்கு விளிம்பு கிடையாது. அழகான கணிதம். விளிம்பு இல்லையென்றால் படைத்தவருக்கு என்ன இடம் என்று பிறகு அவர் கேட்டார். ஈர்ப்பு போன்ற விதி ஒன்று இருந்தால் போதும், பிரபஞ்சம் தன்னைத்தானே உண்டாக்கிக்கொள்ளும் என்று 2010இல் வந்த நூலில் எழுதினார். விதி இருந்தால் போதும் என்றால், அந்த விதி ஏன் இருக்கிறது? ஈர்ப்பு விதி இருக்கும் இடம் ஒன்றுமே இல்லாத இடம் அல்ல. கடவுளின் வேலையை அந்த முதல் கணத்தோடு பயஸின் உரை பிணைத்ததைப் போலவே ஹாக்கிங்கும் பிணைத்தார். ஒருவர் அந்தக் கணத்தைக் காட்டினார், மற்றவர் அழித்தார்.

பழைய தத்துவவாதிகள் இந்தக் கண்ணியில் சிக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது, அதை நம்பிக்கையால்தான் ஏற்க முடியும் என்று வாதிட்டார். உலகம் அநாதியாகவே இருந்தாலும் அது கடவுளைச் சார்ந்துதான் இருக்கும் என்றார். அதே நூற்றாண்டில் இங்கே சைவ சித்தாந்தி மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்திலேயே இறைவன் இருப்பை நிறுவுகிறார். உலகம் தோன்றி, நின்று, ஒடுங்கி, மறுபடி தோன்றுகிறது. அதன் மூலப்பொருளான மாயை அநாதி, உயிர்களும் அநாதி. ஆனாலும் அறிவில்லாத மாயை தானாக உலகாகாது. மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது சித்தாந்த வகுப்பில் உட்கார்ந்த எவருக்கும் தெரிந்த பாடம். இந்த வாதத்தை ஏற்கலாம், மறுக்கலாம். சமணர்கள் அநாதியான உலகுக்குக் கடவுள் எதற்கு என்று திருப்பிக் கேட்டார்கள். யாருடைய வாதமும் 1380 கோடி ஆண்டு என்ற எண்ணால் வலுப்படவும் இல்லை, உடையவும் இல்லை. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் 2004இல் இந்திய அரசு அளித்த நடராசர் சிலை நிற்கிறது. அதைக் காட்டி, பெருவெடிப்பை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று மேடைகளில் பேசுகிறார்கள். வத்திக்கானில் 1951இல் நடந்ததேதான் இதுவும்.

உண்மையான விவாதம் வேறு இடத்தில் இருக்கிறது. 1948 ஜனவரியில் பிபிசியில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும், இயேசு சபைக் குரு ஃபிரெடெரிக் கோபிள்ஸ்டனும் கடவுளின் இருப்பைப் பற்றி விவாதித்தார்கள். கோபிள்ஸ்டன் முதல் கணத்தைத் தொடவே இல்லை. இல்லாமலும் இருந்திருக்கக்கூடிய பொருள்களால் ஆன இந்த உலகம் ஏன் இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதே அவர் வாதம். ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு என்பதால் மனித குலத்துக்கே ஒரு தாய் உண்டு என்று ஆகுமா என்று ரஸ்ஸல் மறுத்தார். உலகம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். எழுபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த விவாதம் பழசாகவில்லை. அதில் இருவருமே தொலைநோக்கியின் உதவியை நாடவில்லை என்பதுதான் காரணம்.

1958இல் சால்வே மாநாட்டில் லெமைத்ரே இதைத் தெளிவாகவே சொன்னார். தன் கொள்கை சமயக் கேள்விகளுக்கும் தத்துவக் கேள்விகளுக்கும் முற்றிலும் வெளியே நிற்கிறது. கடவுளை மறுக்கும் பொருள்முதல்வாதியும் அதைத் தயங்காமல் ஏற்கலாம். நம்பிக்கையாளரைப் பொறுத்தவரை, கடவுளோடு அளவுமீறி உரிமை எடுத்துக்கொள்ளும் முயற்சிக்கு அது இடம் தருவதில்லை. இரண்டு ஆண்டு கழித்து, போப் பயஸ் உரையாற்றிய அதே அறிவியல் கழகத்தின் தலைவராக அவரே நியமிக்கப்பட்டார்.

இப்போது சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,200 மீட்டர் உயரத்தில், சைமன்ஸ் வானாய்வகத்தின் தொலைநோக்கிகள் அதே பழைய ஒளியின் முனைவாக்கத்தை அளக்கின்றன. பிரபஞ்சம் ஏறத்தாழ 10⁻³⁵ விநாடி வயதில் திடீரென வீங்கியதா என்பதை அந்த ஒளியில் பதிந்த மெல்லிய சுருள்கள் சொல்லக்கூடும். 2014 மார்ச்சில் தென்துருவத்திலிருந்து ஒரு குழு அதைக் கண்டுவிட்டதாக அறிவித்தது. மறுஆண்டே அவர்கள் கண்டதை நம் பால்வழி மண்டலத்தின் தூசியைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று தெரிந்தது. இந்த முறை அந்தச் சுருள்கள் உண்மையாகவே அகப்பட்டால், இயற்பியல் இதுவரை எட்டாத ஒரு கணத்தின் ஆற்றலை நாம் முதன்முதலாக அளந்திருப்போம். வீக்கம் தொடங்குவதற்கு முன் என்ன இருந்தது என்ற கேள்வி அப்போதும் அந்த அளவீட்டுக்கு வெளியேதான் இருக்கும்.